கொல்லைப் பக்கம் மடக்குக் கண்ணாடிக் கதவு: வெயிலுக்கும் சாரலுக்கும் தாங்குகிற மாதிரி போடுவது எப்படி

மன்னார்குடி பக்கம் வீடு கட்டிக் கொடுக்கிற வேலை எனக்கு. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிற பிள்ளை அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புவார், அப்பா அதை எனக்குக் காட்டுவார். சுவர் அகலத்துக்குக் கண்ணாடிக் கதவு, ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடங்கி ஓரமாகப் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும், கூடமும் தோட்டமும் ஒன்றாகிவிடும். "தம்பி, நம்ம கொல்லைப் பக்கம் இதைப் போட்டுடலாமா?" போடலாம். நானே என் வீட்டில் போட்டிருக்கிறேன். ஆனால் படத்தில் இருப்பது பெரும்பாலும் பனி பெய்யும் ஊர்க்காரர் வீடு. அவருக்குக் கவலையெல்லாம் உள்ளே இருக்கும் சூடு வெளியே போய்விடக் கூடாது என்பது. நமக்குச் சித்திரை வெயில் உள்ளே வரக் கூடாது, ஐப்பசிச் சாரல் உள்ளே வரக் கூடாது. அவர் பார்த்து வாங்குகிற விஷயத்தையே நாமும் பார்த்து வாங்கினால் காசும் போகும், கூடமும் நனையும். எனக்கு நனைந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் திசை

எந்தக் கம்பெனி, என்ன கண்ணாடி என்று கேட்பதற்கு முன்னால் கதவு எந்தத் திசையைப் பார்க்கப் போகிறது என்று பாருங்கள். தஞ்சாவூர் ஏறத்தாழ 10.8 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. மார்கழியில் உச்சிவெயில் தெற்கே சாய்ந்து 56 டிகிரி உயரத்தில் நிற்கும். ஆனியிலோ அதே உச்சிவெயில் தலைக்கு வடக்கே 12, 13 டிகிரி தள்ளிப் போய்விடும். தெற்குப் பார்த்த ஏழடிக் கதவுக்கு, நிலையின் தலைமட்டத்திலேயே ஐந்தடி தாழ்வாரம் இறக்கினால் மார்கழி உச்சிவெயில்கூடக் கண்ணாடியில் படாது. வடக்குப் பார்த்த கதவுக்கு ஆனி மாத நடுப்பகலுக்கு இரண்டடி சன்ஷேடே போதும்.

கிழக்கும் மேற்கும்தான் தொல்லை. வெயில் படுத்துக்கொண்டு வரும், சன்ஷேடு என்ன நீளம் போட்டாலும் அதற்குக் கீழே புகுந்துவிடும். பங்குனி மாதம் சாயங்காலம் 4 மணிக்கு மேற்குச் சுவரில் மூன்றடி சன்ஷேடு தருகிற நிழல் இரண்டடி வாக்கில்தான், மிச்சம் ஐந்தடிக் கண்ணாடியும் வெயிலில் நிற்கும். நம் பக்கத்துப் பழைய தெருமனைகள் ஒடுக்கமும் நீளமுமானவை, வாசல் கிழக்கே என்றால் கொல்லை மேற்கேதான், மாற்ற வழியில்லை. திருத்துறைப்பூண்டியில் என் அக்கா வீடு அப்படித்தான். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறும் வரை அந்தக் கொல்லையில் பதினோரு தென்னை நின்றது, மேற்கு வெயில் அவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரே ராத்திரியில் ஒன்பது மரம் சாய்ந்தது. மறு வருஷம் சித்திரையில்தான் அக்கா போன் பண்ணி, "கூடத்துல உட்கார முடியலடா" என்றாள். கதவு அதே கதவு, கண்ணாடி அதே கண்ணாடி.

மழைக்குக் கணக்கு வேறு. ஐப்பசியில் இருந்து மார்கழி வரை வாடையும் கொண்டலும் அடிக்கும்போது சாரலை வாங்குவது வடக்குச் சுவரும் கிழக்குச் சுவரும். ஆடிக் காற்று மேற்கே இருந்து வரும், அதில் மழை குறைவு, புழுதி அதிகம். ஆகவே தெற்கு கிடைத்தால் யோசிக்காமல் தெற்கில் போடுங்கள். வடக்கில் போட்டால் காசைத் தண்ணீர் தடுப்பில் போடுங்கள், மேற்கில் போட்டால் கண்ணாடியிலும் நிழலிலும் போடுங்கள். கிழக்கு என்றால் இரண்டிலும் போட வேண்டிவரும், அதற்கு அகலத்தைக் குறைத்துக்கொள்வதே மேல். புயல் மட்டும் திசை பார்க்காது, அது கடக்கும்போது காற்று ஒரே ராத்திரியில் சுற்றி அடிக்கும்.

வெயிலைத் தடுக்கும் எண் எது

கண்ணாடிக் கடையில் இரண்டு எண் சொல்வார்கள். ஒன்று யு மதிப்பு. உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கும் வெப்ப வித்தியாசத்தால் கண்ணாடி வழியாக எவ்வளவு சூடு கடத்தப்படுகிறது என்பது. இன்னொன்று எஸ்.எச்.ஜி.சி., அதாவது கண்ணாடி மேல் விழுகிற வெயிலில் எவ்வளவு பங்கு வீட்டுக்குள் சூடாக வந்து சேர்கிறது என்பது. வெளிநாட்டு கேட்லாக் முழுக்க யு மதிப்பைத்தான் தூக்கிப் பிடிக்கும், டபுள் கிளேஸ் (நடுவில் இடைவெளி விட்ட இரண்டு கண்ணாடி), டிரிபிள் கிளேஸ் (மூன்று கண்ணாடி) என்று விலையும் அதோடு ஏறும். நாம் பார்க்க வேண்டியது இரண்டாவதை.

அக்கா வீட்டுக் கதவையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தடி அகலம், ஏழடி உயரம், சுமார் 6.5 சதுர மீட்டர். சட்டத்தைக் கழிக்காமல் தோராயமாகவே போடுகிறேன். சாதா 6 மி.மீ. கண்ணாடிக்கு யு மதிப்பு 5.7 வாக்கில், எஸ்.எச்.ஜி.சி. 0.82 வாக்கில். வெளியே 36 டிகிரி, ஏசி போட்டு உள்ளே 26 என்றால் வித்தியாசம் 10 டிகிரிதான். கடத்தலால் வருகிற சூடு 5.7 x 6.5 x 10, ஏறத்தாழ 370 வாட். ஆறேழு மின்விசிறி தின்னும் கரண்ட் அளவு, அவ்வளவுதான். வெயிலைப் பாருங்கள்: சாயங்காலம் மேற்குச் சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு 600 வாட் விழுகிறது என்று வைத்தால் 0.82 x 600 x 6.5, ஏறத்தாழ 3,200 வாட். ஒரு டன் ஏசி வெளியேற்றுகிற சூடே 3,500 வாட்தான். அதாவது அங்கே ஏசி வைத்தால் ஏறத்தாழ ஒரு முழு டன், வேறு வேலை எதுவும் பார்க்காமல், அந்தக் கதவுக்கு மட்டும் சம்பளமில்லாமல் உழைக்க வேண்டும்.

இதே இடத்தில் வெறும் சாதா கண்ணாடியை இரட்டிப்பாக்கி 6-12-6 டபுள் கிளேஸ் (6 மி.மீ. கண்ணாடி, 12 மி.மீ. இடைவெளி, மறுபடி 6 மி.மீ. கண்ணாடி) போட்டால் யு மதிப்பு பாதியாகும், 2.8க்கு வந்துவிடும். ஆனால் எஸ்.எச்.ஜி.சி. 0.7க்குத்தான் இறங்கும். கடத்தலில் 190 வாட்டும் வெயிலில் 470 வாட்டும் மிச்சம். எஸ்.எச்.ஜி.சி. 0.3 இருக்கிற வெயில்தடுப்புக் கண்ணாடி போட்டால் வெயிலில் மட்டுமே 2,000 வாட்டுக்கு மேல் மிச்சம். எனவே கடையில் "டபுள் கிளேஸ் சார், ஏசி சில்லுனு இருக்கும்" என்று சொன்னால், "எஸ்.எச்.ஜி.சி. எவ்வளவு, எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். எழுதித் தராதவரிடம் வாங்க வேண்டாம். கூடவே வெளிச்சம் எவ்வளவு உள்ளே விடும் என்றும் கேட்க வேண்டும். கன்னங்கரேல் என்று போட்டுவிட்டுப் பகலிலேயே லைட் போடுகிற வீடுகளைக் கும்பகோணத்தில் பார்த்திருக்கிறேன், தோட்டம் தெரிவதற்காகப் போட்ட கதவில் தோட்டம் சாயங்காலம் ஆறு மணி மாதிரி தெரியும்.

மென்பூச்சு லோ-இ கண்ணாடி (சூட்டைத் திருப்பி அனுப்பும் மெல்லிய பூச்சு பூசியது) என்றால் அதைத் தனிக் கண்ணாடியாகப் போட முடியாது, பூச்சு காற்றில் கெட்டுப்போகும், டபுள் கிளேஸுக்குள்தான் அடைக்க வேண்டும். அதிலும் பூச்சு எந்த முகத்தில் என்பது முக்கியம். வெளியில் இருந்து எண்ணினால் இரண்டாவது முகத்தில், அதாவது வெளிக் கண்ணாடியின் உள்பக்கத்தில் இருக்க வேண்டும், அப்போதுதான் வெயில் முதல் கண்ணாடியிலேயே நிற்கும். குளிர் நாட்டில் மூன்றாவது முகத்தில் வைப்பார்கள். சரக்கு வந்து இறங்கியதும் சாயங்கால நேரத்தில் ஒரு லைட்டரைக் கொளுத்திக் கண்ணாடி முன்னால் பிடியுங்கள். நாலு சுடர் தெரியும், முகத்துக்கு ஒன்று. பூச்சு இருக்கும் முகத்தின் சுடர் மட்டும் நிறம் மாறியிருக்கும். வெளியே நின்று பார்க்கும்போது அது இரண்டாவதாக இருந்தால் சரி, மூன்றாவதாக இருந்தால் கண்ணாடி திருப்பிப் பொருத்தப்பட்டிருக்கிறது, அல்லது வேறு சரக்கு வந்திருக்கிறது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், கண்ணாடிக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. கூடத்துக்கு ஏசியே கிடையாது, வைக்கப் போவதும் இல்லை என்றால் டபுள் கிளேஸுக்குக் காசு போடாதீர்கள். பாதி நாள் திறந்தே கிடக்கப் போகிற கதவு அது. அந்தப் பணத்தில் வெளியே தாழ்வாரம் போடுங்கள். அக்கா வீட்டில் கண்ணாடியை மாற்றவே இல்லை. எட்டடிக்கு ஒரு ஓட்டுத் தாழ்வாரம் இறக்கி, அதன் வெளி ஓரத்தில் மூங்கில் தட்டி தொங்கவிட்டோம், மதியம் இரண்டு மணிக்கு இறக்குவது, ஆறு மணிக்குச் சுருட்டுவது. உள்ளே திரை போடுவதும் வெளியே தட்டி போடுவதும் ஒன்றல்ல. திரையில் படுகிற வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்ட வெயில், தட்டியில் படுவது வெளியிலேயே நின்றுபோகிறது. தட்டியைக் கதவுக்கு ஒட்டிக் கட்டாதீர்கள், பலகைகள் வெளியே மடங்கும்போது இடிக்கும்.

கட்டடத்துக்கு மின்சிக்கன விதி ஒன்றும் இருக்கிறது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018இல் கொண்டுவந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதாவில், கூரை நீங்கலாகச் சுவர், ஜன்னல் வழியாக வருகிற சூட்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 15 வாட் என்று வரம்பு வைத்தார்கள். அது பெரிய மனைகளுக்கான விதி, நம் தெருமனைக்கு வராது. ஆனால் அந்தக் கணக்கிலும் சன்ஷேடு, தாழ்வாரத்தைச் சேர்த்துத்தான் கண்ணாடியின் எண்ணைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். கரண்ட் பில்லிலும் இது தெரியும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் தாண்டின யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழ் அடுக்கு விலையும் சேர்ந்து மாறிவிடும். சித்திரை வைகாசியில் பல வீடுகள் அந்தக் கோட்டில்தான் ஊசலாடுகின்றன.

கஜா ராத்திரி

என் வீட்டுக் கதவு வடக்குப் பார்த்தது, 2017இல் போட்டது. வெயில் பிரச்சினை இல்லை. அலுமினியக்காரர் ஒரு ஆசையைக் காட்டினார்: கீழே டிராக், அதாவது கதவு உருளும் தடம், தரையோடு தரையாக இருக்கும், காலில் தட்டாது, உள்ளிருக்கும் டைலும் வெளியிருக்கும் டைலும் ஒரே மட்டம். நானும் சரி என்றேன். படத்தில் அப்படித்தான் இருந்தது.

அன்றைக்கு ராத்திரி இரண்டு மணி வாக்கில் கூடத்தில் ஏதோ கொதிக்கிற சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் டிராக் முழுக்கத் தண்ணீர், அதன் துளைகள் ஒவ்வொன்றில் இருந்தும் உலை கொதிக்கிற மாதிரி குமிழ் குமிழாக வந்துகொண்டிருந்தது. அந்தத் துளைகள் தண்ணீர் வெளியே வடிவதற்காக வைத்தவை. வெளியே காற்று அழுத்துகிற அழுத்தத்தில் அதே துளை வழியாகக் காற்று உள்ளே வந்து, நிற்கும் தண்ணீரைக் கூடத்துக்குள் துப்பிக்கொண்டிருந்தது. வீட்டில் இருந்த துண்டு, பழைய வேட்டி, அம்மாவின் இரண்டு நூல் புடவை எல்லாவற்றையும் அடைத்தோம். விடிவதற்குள் கூடத்தில் கணுக்கால் நனையத் தண்ணீர். கதவு உடையவில்லை, கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன், போட்டிருக்க வேண்டியது முன்னால். 10 மி.மீ. உயரத் தண்ணீர் தாங்குகிற அழுத்தம் ஏறத்தாழ 98 பாஸ்கல். காற்றின் அழுத்தம், வேகத்தை வினாடிக்கு மீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் வரும். மணிக்கு 66 கி.மீ. காற்று 200 பாஸ்கல், அதைத் தடுக்க டிராக்கின் உள்பக்க உதடு, அதாவது எழும்பி நிற்கும் விளிம்பு, 20 மி.மீ. உயரமாவது நிற்க வேண்டும். மணிக்கு 100 கி.மீ. என்றால் 460 பாஸ்கலுக்கு மேல், 47 மி.மீ. வேண்டும். கஜாவில் அடித்தது 100ஐயும் தாண்டின காற்று. என் டிராக்கின் உதடு பூஜ்யம்.

இதனால் தரையோடு தரையான டிராக் வேண்டுமென்றால் ஒரே ஒரு நிபந்தனை: வெளியே குறைந்தது ஆறேழு அடிக்குக் கூரை போட்ட தாழ்வாரம், அதன் தரை வெளிப்பக்கம் சரிந்து, டிராக்குக்கு வெளியே ஒரு ஜல்லடை மூடிய வடிகால். கூரையில்லாத இடத்தில் உதடு வைத்த டிராக்தான். கால் தட்டும் என்பார்கள். நம் வீட்டு வாசல்படியில் எத்தனை தலைமுறை கால் தட்டாமல் தாண்டிப் போனது, இதையும் தாண்டலாம். வெளித் தரையை உள்தரையைவிட ஒன்றரை அங்குலமாவது இறக்கி, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது வாட்டம் கொடுங்கள். வடிதுளைகளுக்கு வெளியே மூடி வைத்தது இருக்கிறது, தண்ணீர் போகும்போது திறக்கும், காற்று அடித்தால் மூடிக்கொள்ளும், சின்ன பிளாஸ்டிக் சாமான், அதைக் கேட்டு வாங்குங்கள்.

கம்பெனி கதவு என்றால் சோதனைச் சான்றிதழ் இருக்கும். ஐரோப்பிய அளவுகோலில் தண்ணீர் தாங்கும் வகுப்பு 5ஏ என்றால் 200 பாஸ்கல், 7ஏ என்றால் 300, 9ஏ என்றால் 600. சான்றிதழில் எந்த டிராக்கை வைத்துச் சோதித்தார்கள் என்று பாருங்கள். உதடு வைத்த டிராக்குக்கு வாங்கின சான்றிதழைக் காட்டிவிட்டு உங்களுக்குச் சமமட்ட டிராக்கை மாட்டுவது நடக்கிற விஷயம்.

உள்ளே மடங்குவதா, வெளியேயா

வெளியே. காற்று அடிக்க அடிக்கப் பலகை ரப்பரோடு இறுகும். உள்ளே மடங்குகிறதென்றால் காற்று அதை ரப்பரில் இருந்து பிரிக்கப் பார்க்கும், போதாததற்குத் திறக்கும்போது நனைந்த கண்ணாடியில் இருந்து தண்ணீர் கூடத்தில் சொட்டும். வெளியே இடமே இல்லை என்றால் ஒழிய உள்ளே போகாதீர்கள்.

பலகை எண்ணிக்கையில் ஒரு சூட்சுமம். நாலு பலகையும் ஒரே பக்கம் மடங்கினால், கொல்லையில் துணி எடுக்கப் போவதற்குக்கூட இரண்டு பலகையை மடித்துத் தள்ள வேண்டும். மூன்று பலகை வைத்தால் ஒன்று சாதாரண வாசல் கதவு மாதிரி தனியாகத் திறக்கும். பத்தடிக்கு மூன்றே பலகை என்பது என் ருசி, இணைப்பு குறைந்தால் ஒழுகுகிற இடமும் குறையும். ஆனால் பலகை அகலமானால் கனக்கும். கண்ணாடி, ஒரு சதுர மீட்டருக்கு ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ. மூன்றே கால் அடிக்கு ஏழடிப் பலகையில் 6 + 6 டபுள் கிளேஸ் என்றால் கண்ணாடி மட்டுமே 60 கிலோவைத் தாண்டும். கீலும் ரோலரும் எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு, அதற்கு நல்ல இடைவெளி விட்டு எடுங்கள்.

மேலே தொங்குவதா, கீழே உருளுவதா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேலே தொங்கினால் அத்தனை கனமும் லிண்டலில், அதாவது கதவுக்கு மேலே சுவரைத் தாங்கும் விட்டத்தில். நம் பக்கத்துக் களிமண் கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும், அஸ்திவாரம் ஆடும், லிண்டல் நாலைந்து மி.மீ. இறங்கினாலே பலகை சிக்கும். சுண்ணாம்புச் சுவர் பழைய வீட்டில் சுவரை உடைத்து வாய் எடுக்கிறவர்கள் மேலே தொங்குவதை நினைக்கவே வேண்டாம். கீழே உருளுவதில் மண் சேரும், அதைக் கூட்டிவிடலாம். எதுவானாலும் மேல் சேனலில் ஏறி இறங்க இடைவெளி விடச் சொல்லுங்கள்.

சட்டத்துக்கு அலுமினியமா, யுபிவிசியா, தேக்கா? அகலக் கதவுக்கு அலுமினியம். கடத்தலைக் குறைக்க நடுவில் பாலிஅமைடு (சூட்டை எளிதில் கடத்தாத பிளாஸ்டிக்) பட்டை வைத்த சட்டம் வரும், நல்லதுதான், ஆனால் நம் வெயிலுக்கு அது இரண்டாம் பட்சம், கண்ணாடியை முடித்துவிட்டுக் காசு மிஞ்சினால் பாருங்கள். மேற்குப் பக்கம் கறுப்புச் சட்டம் வேண்டாம், நாலு மணிக்குக் கை வைக்க முடியாது. தேக்கு அழகுதான், கார்த்திகையில் உப்பிக்கொண்டு நாலு பேர் சேர்ந்து இழுக்க வேண்டிவரும்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடி மாதிரி கடலோரத்தில் இருப்பவர்கள் கீல், திருகு, ரோலர் எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ் என்று எழுதி வாங்குங்கள், 304 அங்கே துருப்புள்ளி வைக்கும். அலுமினியத்தில் சாதா இரும்புத் திருகு ஏற்றினால் உப்புக் காற்றில் இரண்டும் ஒன்றை ஒன்று தின்னும். கண்ணாடி டஃபன்டாக (சூடேற்றி உறுதியாக்கியது) மட்டும் இருந்தால், பறந்து வரும் மட்டையோ தேங்காயோ அடித்ததும் மொத்தமாக உதிர்ந்து வாய் திறந்துவிடும், உள்ளே புகுந்த காற்று கூரை ஓடுகளையும் ஷீட்டையும் கீழிருந்து தூக்கும். அதனால் அந்தப் பக்கங்களில் இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் போடச் சொல்கிறேன், உடைந்தாலும் படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். தாழ்ப்பாளையும் பாருங்கள். 100 கி.மீ. காற்றில் பத்தடிக் கதவு மேல் விழும் கனம் 300 கிலோவுக்குக் குறையாது, அதை மேலே சட்டத்துக்குள்ளும் கீழே தரைக்குள்ளும் போகும் கம்பித் தாழ்ப்பாள்தான் தாங்க வேண்டும், நடுவில் இருக்கிற அழகுப் பூட்டு தாங்காது.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்

அளவு எடுப்பது டைல் மட்டம் முடிவான பிறகு. இதில் தவறியவர்கள் எத்தனையோ பேர். டைல் அரை அங்குலம் ஏறிப்போய் டிராக் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் ஊர்த் தண்ணீரெல்லாம் அதில்தான். வாய்க்கு இரண்டு மூலைவிட்டத்தையும் டேப் பிடித்துப் பாருங்கள், வித்தியாசம் மூன்று மி.மீ.க்குள் இருக்க வேண்டும். டிராக்குக்கு அடியில் வாட்டர்புரூஃபிங் பூசிவிட்டு, அதையே ட்ரில் போட்டு ஓட்டை ஓட்டையாக்குவார்கள், ஒவ்வொரு ஓட்டையிலும் திருகு ஏற்றும் முன் சீலன்ட் பீய்ச்சச் சொல்லுங்கள். சுற்றி அடிக்கிற சிலிகானில் வினிகர் வாசனை வந்தால் நிறுத்துங்கள், அது அமிலம் விடும் ரகம், சிமென்டுக்கும் லேமினேட்டட் கண்ணாடிக்கும் ஆகாது, நியூட்ரல் சிலிகான் வேண்டும். சட்டத்தின் மேல் ஒட்டிய டேப்பைப் பூச்சு வேலை முடியும் வரை உரிக்க விடாதீர்கள். ஈரச் சிமென்ட் பட்ட அலுமினியம் நிறம் போய்விடும், தேய்த்தாலும் வராது.

முடிந்ததும் மூன்று சோதனை, செலவே இல்லாதவை. ஒரு நீளத் துண்டு செய்தித்தாளை ரப்பரில் வைத்துக் கதவைப் பூட்டி இழுங்கள், கிழிய வேண்டும், வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை. ஆடிக் காற்று அடிக்கிற சாயங்காலம், கதவைச் சாத்திவிட்டு ஊதுபத்தியை ஓரமாக நகர்த்துங்கள், புகை எங்கே கலைகிறதோ அங்கேதான் ஏசி காற்றும் போகிறது. இடுக்கில் புகுகிற காற்றில் சூட்டைவிட ஈரம்தான் நமக்குப் பெரிய செலவு, அந்த ஈரத்தைப் பிழிந்து எடுக்கவும் ஏசிதான் ஓட வேண்டும். மூன்றாவது மோட்டார் ஓஸ். கீழிருந்து ஆரம்பித்து மேலே போக வேண்டும், ஒவ்வொரு இணைப்புக்கும் ஐந்து நிமிஷம், உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்திருக்க வேண்டும். மேலிருந்து அடித்தால் தண்ணீர் வழிந்து, எந்த இடம் ஒழுகியது என்றே தெரியாது. கடைசித் தவணையை இந்த ஓஸ் சோதனைக்கு அப்புறம் கொடுப்பதாக ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள்.

மாட்டின பிறகு

கரண்ட் மிச்சம் பிடிப்பதில் முக்கால் பங்கு பழக்கம். சறுக்கு கதவு பாதிதான் திறக்கும், மடக்குக் கதவு கிட்டத்தட்ட முழு வாயும் திறக்கும், அதற்காகத்தானே இவ்வளவு காசு. கோடையில் காலை பத்தில் இருந்து சாயங்காலம் ஐந்து வரை சாத்தி வையுங்கள், பொழுது சாய்ந்ததும் முழுக்கத் திறந்து எதிர்ப் பக்க ஜன்னலையும் திறந்துவிட்டால் ஏசி போடுவதை ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப் போடலாம். கார்த்திகை மாதம் மட்டும் விளக்கைப் போட்டுவிட்டுத் திறக்காதீர்கள், வயலில் இருக்கிற பூச்சி மொத்தமும் சோற்றில் விழும். மடிப்பு வலை வைத்துக்கொள்ளலாம், காற்று கொஞ்சம் குறையும், கொசுவோடு ஒப்பிட்டால் பரவாயில்லை.

தை, மாசி அறுவடையில் பதரும் தூசியும் பறந்து வந்து டிராக்கில் படியும், வாரம் ஒருமுறை பழைய பல்துலக்கியால் கூட்டி எடுக்க வேண்டும். ரோலருக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், என் மாமா விட்டார், ஒரே மாதத்தில் எண்ணெயும் பதரும் சேர்ந்து புண்ணாக்கு ஆகிவிட்டது. சிலிகான் ஸ்பிரே போதும். புரட்டாசி முடிவதற்குள் வடிதுளை ஒவ்வொன்றிலும் ஈர்க்குச்சி விட்டுப் பாருங்கள், குளவி மண் வைத்து அடைத்திருக்கும். ஒரு சொம்புத் தண்ணீரை டிராக்கில் ஊற்றினால் ஒரு நிமிஷத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

புயல் எச்சரிக்கை வந்தால் கண்ணாடியில் பெருக்கல் குறி மாதிரி டேப் ஒட்டுவார்கள், அது எதையும் தாங்காது. கொல்லையில் கிடக்கும் பூந்தொட்டி, நாற்காலி, தகரம் எல்லாவற்றையும் உள்ளே எடுங்கள், கண்ணாடியை உடைப்பது பெரும்பாலும் அவைதான். கம்பித் தாழ்ப்பாள் எல்லாம் முழுக்க இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, 12 மி.மீ. பிளைவுட் பலகையை முன்கூட்டியே அளவுக்கு அறுத்து, நிலையில் போல்ட்டுக்குத் துளையும் போட்டு வைத்திருந்தால் அரை மணி நேரத்தில் மாட்டிவிடலாம். என் வீட்டில் இப்போது 50 மி.மீ. உதடு வைத்த டிராக், வெளியே ஏழடி தாழ்வாரம். 2020 டிசம்பரில் புரெவி மழை நாள்கணக்கில் ஊற்றியபோது கூடத்தில் ஒரு சொட்டு இல்லை. அம்மா மட்டும் இன்னமும் இரண்டு பழைய புடவையைச் சுருட்டிக் கதவோரம் தயாராக வைத்துவிட்டுத்தான் படுக்கப் போகிறாள்.